40,000 ரூபாய்க்குள் மகளுக்கு முதல் டிரம் செட்: அடுக்குமாடியில் இருக்கிறோம், எதை வாங்கலாம்?

மழைக்குருவி:

வணக்கம். மகளுக்கு 13 வயது. வேளச்சேரியில் ஒரு டிரம்ஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். டிரினிட்டி காலேஜ் லண்டனின் டிரம் கிட் தேர்வுக்கு அவளைத் தயார் செய்யலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். வீட்டில் இருப்பது ஒரு ரப்பர் பேடும் ஒரு ஜோடி 5ஏ ஸ்டிக்கும்தான். "கை நன்றாக வந்துவிட்டது. கால்தான் வரவில்லை. வீட்டில் பெடல் மிதித்துப் பழகினால்தான் அடுத்த பாடத்துக்குப் போக முடியும்" என்கிறார்.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. கீழ் வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். 40,000 வரை செலவழிக்கலாம், அதற்கு மேல் இப்போது முடியாது. ஒரு கடையில் ஐந்து டிரம், சிம்பல், ஸ்டூல் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற ஒரு செட்டைக் காட்டி, "22,000தான், பிள்ளைக்கு இது போதும்மா" என்றார்கள். அதில் கம்பெனி பெயரே இல்லை. இன்னொரு கடையில் எலக்ட்ரானிக் செட்டைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_தாளம்:

எலக்ட்ரானிக்தான் மேடம், வேறு யோசனையே வேண்டாம். இரண்டாவது மாடியில் அகௌஸ்டிக் செட் (மின்சாரம் இல்லாத நிஜ டிரம்) வைத்தால் முதல் வாரமே அசோசியேஷனில் புகார் போகும். அப்புறம் செட் மூலையில் தூசி படிந்து கிடக்கும், பிள்ளைக்கும் மனசு விட்டுப் போகும்.

மேடைக்காரன்:

ஆக்டபேட் (எட்டு பேடுள்ள எலக்ட்ரானிக் கருவி) யோசித்தீர்களா? எங்கள் ஊர்ப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் இப்போது முழு டிரம் செட் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. ரோலண்ட் எஸ்பிடி-30 ஒன்று இருந்தால் தவில், தபலா, டிரம்ஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும். இடமும் அடைக்காது. பழசாகத் தேடினால் கிடைக்கும்.

பழைய_ஸ்னேர்:

அக்கா, மெல்லிசைக் குழுவிலும் சர்ச்சிலும் பல வருடம் வாசித்தவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆக்டபேட். மேடைக்காரன் சொல்வது மேடைக்குச் சரி, நானும் வாசிக்கிறேன். ஆனால் உங்கள் மகளின் ஆசிரியர் கேட்பது கால். ஆக்டபேடில் எட்டு பேடும் கைக்குத்தான். பேஸ் டிரம்முக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஹைஹாட்டுக்கும் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) தனித்தனியாகப் பெடல் வாங்கி இணைக்க வேண்டும். புதிது வாங்கினால் ஆக்டபேடுக்கே உங்கள் தொகை போதாது. அவளுக்கு இப்போது அது வேண்டாம்.

அடுத்தது சத்தம். எந்த செட் என்ற கேள்விக்கு முன்னால் அதை எங்கே வைத்து வாசிக்கப் போகிறாள் என்று முடிவு செய்யுங்கள். அகௌஸ்டிக் செட்டை ஓர் அறைக்குள் சாதாரணமாக வாசித்தாலே 100 டெசிபெலைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபெல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். அதனால் அகௌஸ்டிக் வாங்கினால் வாசிக்கிற பிள்ளைக்குக் காது மூடி கட்டாயம். இதில் சமரசமே வேண்டாம்.

சுவரில் ஃபோம் ஒட்டினால் போதும், முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று சொல்வார்கள். அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போகிற சத்தத்தை நிறுத்தாது. பேஸ் டிரம்மின் அதிர்வு தரை வழியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கீழ் வீட்டுக் கூரையில் கேட்கும். ஜன்னலைச் சாத்தினாலும் இதில் மாற்றம் இல்லை.

மூன்றாவது, அந்த 22,000 ரூபாய்ப் பெட்டி. நான் வாங்கச் சொல்ல மாட்டேன். டிரம்மின் மரக்கூடு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. முதல் செட்டில் ஷெல் என்ன மரம் என்பது கடைசிக் கேள்வி. பெரிய கம்பெனிகளின் தொடக்க செட்களிலும் பெரும்பாலும் பாப்லர் மரம்தான், அதில் ஒரு குறையும் இல்லை. விலை மலிவான பெட்டியில் முதலில் காலை வாருவது இரும்புச் சாமான். பெடலின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஸ்டூல் ஆடும். ஹைஹாட் ஸ்டாண்டின் கம்பி மேலே ஏறினால் இறங்காது. சிம்பல் என்ற பெயரில் மெல்லிய பித்தளைத் தகடு கொடுப்பார்கள், ஒரே மாதத்தில் ஓரம் வளைந்துவிடும். பிள்ளை மிதிப்பதும் உட்காருவதும் இந்தச் சாமான்களைத்தான். ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து பழகினால் கால் பழக்கமே கோணலாகும், அதைத் திருத்த ஆசிரியர் பாடுபட வேண்டியிருக்கும்.

மழைக்குருவி:

மிக்க நன்றி சார். இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். என் அம்மா வீடு தாம்பரத்தில் தனி வீடு. சுற்றிலும் கொஞ்சம் இடம் உண்டு. சனி, ஞாயிறு பெரும்பாலும் அங்கேதான் இருப்போம். அங்கே அகௌஸ்டிக் வைக்கலாமா? அல்லது வீட்டிலேயே எலக்ட்ரானிக்கா?

ஞாயிறு_ஆராதனை:

தனி வீடு இருக்கிறதென்றால் பழைய அகௌஸ்டிக் செட் வாங்குங்கள் சகோதரி. பேர்ல் ரோட்ஷோ, டாமா இம்பீரியல்ஸ்டார், மேபெக்ஸ் டொர்னாடோ, யமஹா ரைடீன் மாதிரி செட்கள் பழசாக வரும். சர்ச்சில் புது செட் வாங்கும்போது பழையதை விற்பார்கள். பள்ளிகளிலும் அப்படித்தான். கல்யாணம், வெளிநாட்டு வேலை என்று விற்கிற பையன்களும் நிறைய. பெயர் பெற்ற கம்பெனியின் பழைய செட்டுக்குப் புது ஹெட் (டிரம்மை மூடும், அடி விழும் படலம்) மாட்டினால், அந்தப் பெட்டி செட் பக்கத்தில் வைக்கவே முடியாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சென்னையில் கடல் காற்று என்பதால் துரு முக்கியமான விஷயம். வளையத்தில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் துடைத்துக்கொள்ளலாம். போல்ட் உள்ளே துருவேறி இறுகியிருந்தால் வேண்டாம். டிரம் கீயைக் கையோடு கொண்டு போய் ஒவ்வொரு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். மரை தேய்ந்த லக் (போல்ட் ஏறும் பிடி) எத்தனை இறுக்கினாலும் நிற்காது.

சிம்பலில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். நடு ஓட்டையை விரலால் தடவுங்கள். ஸ்டாண்டில் பிளாஸ்டிக் உறை போடாமல் வாசித்திருந்தால் இரும்புக் கம்பி உரசி உரசி ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். அங்கிருந்துதான் பல சிம்பல் கிழியும். அடுத்தது ஓரம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் மயிரிழை போன்ற விரிசல் தெரியும். தட்டும்போது அடியில் ஒரு கரகரப்பு கேட்டால் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

மிருதங்கம்_மாணவி:

குறுக்கே ஒரு கேள்வி. ஹெட் மாற்றினால் போதும் என்கிறீர்கள். அதை ஸ்ருதி சேர்ப்பது யார்? என் தம்பியும் டிரம்ஸ் கற்கிறான். அவன் செட்டில் டாம் (கம்பி இல்லாத சின்ன டிரம்) அடித்தால் பெயிண்ட் டப்பா மாதிரி கேட்கிறது. கடைக்காரர் "செட்டே அப்படித்தான்" என்கிறார்.

பழைய_ஸ்னேர்:

செட் அப்படி இல்லை தங்கச்சி, டியூனிங் அப்படி. உங்களுக்கு இது எளிதாகவே வரும். மிருதங்கத்தில் சுற்றிலும் தட்டித் தட்டி எல்லாப் பக்கமும் ஒரே ஸ்ருதிக்குக் கொண்டுவருவீர்கள் இல்லையா, அந்தக் காதுதான் இங்கேயும் வேண்டும். ஒரு வசதி என்னவென்றால் இது தோல் இல்லை, பிளாஸ்டிக் படலம். மழைக்காலத்தில் தொய்ந்துவிடாது.

தம்பியின் 12 அங்குல டாமில் ஆரம்பியுங்கள். மேல் ஹெட்டைக் கழற்றி உள்ளே தூசியைத் துடையுங்கள். கூட்டின் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவுங்கள், எங்காவது நசுங்கலோ சிலும்போ இருந்தால் தெரிந்துவிடும். விளிம்பு சமமாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் டாமைச் சமையல் மேடை கிரானைட்டில் கவிழ்த்து வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தால், இடைவெளி உள்ள இடத்தில் வெளிச்சம் கசியும். (கீழ் ஹெட்டையும் கழற்றியிருந்தால்தான் டார்ச்சை உள்ளே பிடிக்க முடியும்.)

அப்புறம் ஹெட்டை வைத்து, வளையத்தைப் போட்டு, எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே முடிந்தவரை இறுக்குங்கள். நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. சின்னதாக ஒரு சடசடப்பு கேட்கலாம், பயப்பட வேண்டாம், ஹெட் உட்காருகிறது. இப்போது கீ போட்டுக் கால் சுற்று மட்டும். பக்கத்துப் பக்கத்து போல்ட்டாகப் போகக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. சுருக்கம் மறையும் வரை இப்படியே. பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னால், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, ஸ்டிக்கின் நுனியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். தாழ்ந்து கேட்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். எல்லா இடமும் ஒன்றானதும் கீழ் ஹெட்டுக்கும் இதையே செய்யுங்கள். கீழ் ஹெட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஒலி சட்டென்று அடங்கும்.

டாமுக்கு இரட்டைப் படல ஹெட் நல்லது. ரெமோ எம்பெரர் இந்த வகை, 7 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு) படலம் இரண்டு சேர்ந்தது. பழகுகிற கைக்கு அதிக நாள் உழைக்கும். ஸ்னேருக்கு (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) மேலே சொரசொரப்பான வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படலம். ஸ்னேரின் அடி ஹெட் தனி ரகம், மிக மெல்லியது. மேல் ஹெட்டை அங்கே மாட்டினால் கம்பிகள் பேசாது.

கோவை_தாளம்:

எல்லாம் சரி. ஆனால் அக்காவின் மகள் வாரத்தில் ஐந்து நாள் இருப்பது வேளச்சேரியில். சனி ஞாயிறு மட்டும் வாசித்தால் கால் எப்படி வரும்? தாம்பரத்தில் எவ்வளவு நல்ல செட் இருந்தாலும் திங்கள் முதல் வெள்ளி வரை அவள் ரப்பர் பேடோடுதான் இருப்பாள். நான் இன்னும் எலக்ட்ரானிக் பக்கம்தான்.

ஞாயிறு_ஆராதனை:

எலக்ட்ரானிக்கில் பழகிய பையன்கள் சர்ச்சில் வந்து உட்கார்ந்தால் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். எல்லா அடியும் ஒரே கனத்தில் விழும். ஸ்னேரில் மெல்லிய அடி வராது, ரைட் சிம்பலில் எந்த இடத்தில் அடித்தால் என்ன ஒலி என்று தெரியாது. ஹாலில் பத்துப் பேர் பாடும்போது தன் சத்தத்தை அடக்கி வாசிக்கத் தெரியாது, ஏனென்றால் வீட்டில் ஹெட்போனில் வால்யூமைத் திருகித்தான் பழக்கம். தேர்வுக்கும் அகௌஸ்டிக்கில் உட்கார வேண்டும் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

பழைய_ஸ்னேர்:

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சத்தத்தின் அளவைக் கையால் ஆளும் பழக்கம் அகௌஸ்டிக்கில்தான் வரும், இதில் ஞாயிறு_ஆராதனையோடு எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு வகுப்பில் அகௌஸ்டிக் செட் இருக்கிறது, அதில் ஆசிரியர் கூடவே இருக்கிறார். வீட்டில் இல்லாதது தினமும் மிதிக்க ஒரு பெடல். 40,000ஐ இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலும் ஒப்பேற்றுவதை விட, வேளச்சேரி வீட்டில் எலக்ட்ரானிக் ஒன்றை உருப்படியாக வாங்கச் சொல்வேன்.

அகௌஸ்டிக் செட்டிலேயே மெஷ் (வலைத் துணி) ஹெட் மாட்டி, துளை போட்ட சத்தம் குறைந்த சிம்பல் வைக்கும் வழியும் உண்டு. கைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த சிம்பல்களின் விலை உங்கள் தொகையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எலக்ட்ரானிக் வாங்கும்போது கடைக்காரர் மாட்யூலில் (ஒலி தரும் பெட்டி) எத்தனை நூறு ஒலி இருக்கிறது என்று காட்டுவார். அதைப் பார்க்க வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, ஸ்னேர் பேட் மெஷ்ஷா ரப்பரா. மெஷ் என்பது வலை மாதிரி நெய்த துணி. ரோலண்ட் 1997இல் டிடி-10 செட்டில் கொண்டுவந்தது, இன்று தொடக்க விலை செட்களிலும் வருகிறது. சத்தமும் குறைவு, மணிக்கட்டுக்கும் இதம்.

இரண்டு, பேஸ் பெடல். உங்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சில செட்களில் பீட்டர் (பெடலில் டிரம்மை அடிக்கும் சுத்தியல்) இல்லாத ஒரு மிதி மட்டும் தருவார்கள், உதாரணத்துக்கு அலெசிஸ் டர்போ மெஷ், யமஹா டிடிஎக்ஸ்402கே. சில செட்களில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பேடும், அதை அடிக்கும் நிஜப் பெடலும் வரும். அலெசிஸ் நைட்ரோ மெஷ் இந்த ரகம். பீட்டர் இல்லாத மிதி கீழ் வீட்டுக்கு நல்லது, சத்தமே இல்லை. ஆனால் பீட்டர் போய் அடித்துத் திரும்பி வருகிற அந்த உதைப்பு காலுக்குத் தெரியாது. வகுப்பில் அகௌஸ்டிக் பெடலில் கால் வைத்ததும் தடுமாறுவாள். ஆசிரியர் கால் வரவில்லை என்கிறார் என்றால் நிஜப் பெடல் உள்ளதையே வாங்குங்கள். அதிர்வுக்கு வழி இருக்கிறது, யாராவது கேட்டால் சொல்கிறேன்.

மூன்று, ஸ்டூல். பல எலக்ட்ரானிக் செட்களில் ஸ்டூலும் ஹெட்போனும் பெட்டியில் வராது. இதற்கென்று 40,000இல் முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டூல் வேண்டும். தொடை தரைக்குச் சமமாகவோ, முழங்கால் பக்கம் லேசாகத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். 13 வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்வார்கள், அவ்வப்போது உயரத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

மேடைக்காரன்:

பெடல் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆக்டபேட் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அக்கா, கடைக்குப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் மாதிரிப் பெரிய கடைகளில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆன்லைனில் 2,000 குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு பேட் வேலை செய்யாவிட்டால் யாரிடம் கொண்டு போவது என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கேபிள் வர மூன்று மாதம் ஆனது.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. நிஜப் பெடலும் மெஷ் பேடும் உள்ள எலக்ட்ரானிக் செட் என்று முடிவு செய்துவிட்டோம். ஆசிரியரிடமும் காட்டினேன், பெடல் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "சரியாகச் சொல்லியிருக்கிறார்" என்றார். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அங்கேயே அரை மணி நேரம் அகௌஸ்டிக்கில் கூடுதலாக வாசிக்க விடுவதாகவும் சொல்லியிருக்கிறார். தாம்பரம் யோசனையை அடுத்த வருடம் பார்ப்போம்.

இப்போது கீழ் வீட்டுப் பெரியவர்கள். அதிர்வுக்கு வழி இருக்கிறது என்றீர்களே சார், அதைச் சொல்லுங்கள். வெறும் கார்பெட் போதாதா?

பழைய_ஸ்னேர்:

கார்பெட் செட் வழுக்காமல் இருக்க உதவும். அதிர்வைத் தடுக்காது. வேண்டியது ஒரு மிதக்கும் மேடை. தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை.

செட்டும் ஸ்டூலும் அடங்கும் அளவில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு துண்டு. சிறிய செட்டுக்கு ஐந்துக்கு நான்கு அடி போதும், வாங்கிய பிறகு அளந்துவிட்டு வெட்டுங்கள். கீழ்ப் பலகையில் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டென்னிஸ் பந்து. பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதனால் துளைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கி உட்காரும், தரையைத் தொடாது, உருண்டும் ஓடாது. அதன் மேல் இரண்டாவது பலகை, அதற்கு மேல் கார்பெட். இரண்டு பலகையும் எங்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆணியோ ஸ்குரூவோ போட்டு இணைத்தால் எல்லாம் வீண், அதிர்வு அந்த ஆணி வழியாகவே இறங்கிவிடும். மேடை சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும்.

20 முதல் 24 பந்து வரை வேண்டும். சமமாகப் பரப்பாதீர்கள். ஸ்டூலுக்குக் கீழேயும் பேஸ் பேடுக்குக் கீழேயும் நெருக்கமாக வையுங்கள், எடை முழுவதும் அங்கேதான். புதுப் பந்து தேவையில்லை, டென்னிஸ் கோர்ட்டில் கேட்டால் பழையதைக் கொடுப்பார்கள்.

பீட்டரில் மரத்தலை இருந்தால் மாற்றிவிடுங்கள், மெஷ்ஷுக்கு அது ஆகாது. செட்டை மாட்டியதும் மகளை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழ் வீட்டுக்குப் போய் அவர்கள் ஹாலில் நின்று கேளுங்கள். எந்த நேரம் அவர்களுக்குத் தோதாக இருக்கும் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு_ஆராதனை:

மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் வேண்டாம் சகோதரி, பெரியவர்கள் தூங்கும் நேரம். அகௌஸ்டிக் தேடும்போது சொல்லுங்கள், நான் வந்து பார்த்துத் தருகிறேன்.